வாளையாருக்கு அப்பால்: தெருவும் பந்தியும் கிணறும் கூலியும்

மனித உரிமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு ஜெனிவா, நியூயார்க், ஐக்கிய நாடுகள் சபை, டெல்லி ஆணையம் என்று பெரிய பெரிய இடங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. 1948 டிசம்பர் 10-ஆம் நாள் பாரிஸ் நகரில் உலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. ஆண்டுதோறும் அந்த நாளில் கூட்டம் போடுகிறோம், பேசுகிறோம், காபி குடித்துவிட்டுக் கலைகிறோம். அந்தப் பிரகடனத்தை வரைந்த குழுவுக்குத் தலைமை வகித்த எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார், பத்து ஆண்டுகள் கழித்து 1958-இல் ஒரு கருத்தைச் சொன்னார். உலக வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாத சின்ன இடங்களில்தான் மனித உரிமை தொடங்குகிறது. ஒருவர் குடியிருக்கும் பகுதியிலும், படிக்கும் பள்ளியிலும், வேலை செய்யும் வயலிலும் ஆலையிலும் அதற்குப் பொருள் இல்லையென்றால் வேறெங்கும் இருக்க முடியாது என்பது அவர் பேச்சின் சாரம்.

வரைபடத்தில் தேட வேண்டிய அப்படிச் சில ஊர்களைப் பற்றியே இக்கட்டுரை. எல்லாம் வாளையாருக்கு அப்பால், கேரள எல்லையோரத்தில் உள்ளவை. எல்லாவற்றிலும் தமிழ் பேசுவோர் இருக்கிறார்கள். வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு அந்த வரலாறு சொல்லித் தருவது நிறைய உண்டு என்று நான் கருதுகிறேன்.

எல்லையும் மக்களும்

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே போகும் ரயில் போத்தனூர், மதுக்கரை தாண்டியதும் மலைகள் இரண்டு பக்கமும் விலகி வழிவிடும். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கேரளத்தின் முதல் ஸ்டேஷன் வாளையார். சாலையில் போனவர்களுக்கு வாளையார் என்றால் செக்போஸ்ட் ஞாபகம்தான் வரும். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்து வணிக வரிச் சோதனைச் சாவடிகள் மூடப்படும் வரை, லாரிகள் அங்கே மைல் கணக்கில் வரிசை கட்டி நின்றன. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின்போது, பாஸ் இல்லாமல் ஊர் திரும்பிய மலையாள மக்கள் அதே இடத்தில் வெயிலில் தவித்து நின்றதும் செய்தியானது. அதற்கு முன்பே, 2017-இல், இரண்டு சிறுமிகளின் மரணத்தால் வாளையாரின் பெயர் நாடெங்கும் துயரத்தோடு உச்சரிக்கப்பட்டது. அது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய வழக்கு. ஆகவே அதை இங்கே நான் தொடவில்லை.

இன்று ஒரே மாநிலமாக இருக்கும் இந்த எல்லையோரம் 1947 வரை மூன்று ஆட்சிகளில் சிதறிக் கிடந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்திலேயே உள்ள சித்தூர் தாலுகா கொச்சி மன்னருடையது. தெற்கே ஆனைமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேவிகுளமும் மூணாறும் திருவிதாங்கூருக்கு உரியவை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மூன்றும் கேரளத்தில் சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியதும், 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்ததும் பெரியவர்கள் பலருக்குத் தெரிந்த செய்தி.

ஆனால் "எல்லையோரத் தமிழர்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. பாலக்காட்டு அக்ரகாரங்களில் வாழும் ஐயர்மார் தமிழர். தங்கள் தெருவை அவர்கள் "கிராமம்" என்றே சொல்வார்கள். சித்தூர் வட்டாரத்தில் தென்னையும் நிலக்கடலையும் பயிரிடும் கொங்கு விவசாயிகள் தமிழர். அதே வயல்களில் கூலி வேலை செய்யும் அருந்ததியர் தமிழர். தமிழோடு நெருங்கிய பேச்சு வழக்குடைய இரவாளர் என்ற பழங்குடியினரும் அங்கே உண்டு. மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற குடும்பங்கள் இன்னொரு வகை; அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். பேசும் மொழி ஒன்று, வாழும் நிலை வேறு வேறு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்வரும் கதை விளங்கும்.

தெரு: கல்பாத்தி, 1924

"காசியில் பாதி கல்பாத்தி" என்பது பாலக்காட்டார் பெருமையோடு சொல்லும் வழக்கு. ஆற்றங்கரையில் விசுவநாத சுவாமி கோயில், அதைச் சுற்றி ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் கிராமங்கள். ஐப்பசியில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு இன்றைக்கும் பம்பாய், டெல்லி, சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். அந்தத் தெருவில் நடக்க யாருக்கு உரிமை என்ற கேள்வி 1924-இல் எழுந்தது.

1924 ஒரு முக்கியமான ஆண்டு. மார்ச் 30-ஆம் நாள் திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து பெரியாரும் நாகம்மையாரும் போய்ப் போராடினார்கள். இதெல்லாம் நமக்குப் பாடப் புத்தகத்திலேயே தெரியும். ஆனால் அதே ஆண்டு சென்னைச் சட்ட சபையில் நடந்தது அவ்வளவாகத் தெரியாது. ஆகஸ்ட் மாதம் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலைகளும் தெருக்களும் கிணறுகளும் குளங்களும் பொது அலுவலகங்களும் தாழ்த்தப்பட்டவர் உட்பட எல்லோருக்கும் பொது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சபை ஏற்றது, செப்டம்பரில் அரசாணையும் வந்தது. மலபார் சென்னை மாகாணத்தில் இருந்ததால் பாலக்காட்டுக்கும் அது பொருந்தும்.

அரசாணை வந்தாயிற்று, அப்புறம் என்ன, நடக்க வேண்டியதுதானே? அப்படி நினைத்துத்தான் அந்த நவம்பரில் தேர்த் திருவிழாவின்போது ஈழவர்கள் கல்பாத்தி தெருவுக்குள் வந்தார்கள். தடுக்கப்பட்டார்கள், அடிதடியும் நடந்தது. பிறகு, அமைதி காக்க வேண்டும் என்ற பெயரில், நடக்க வந்தவர்கள் மீதே தடையுத்தரவு விழுந்தது. அக்ரகாரத் தெரு பொதுத் தெருவா தனித் தெருவா என்று வாதம் கிளம்பியது. ஈழவர்களில் சிலர் 1925-இல் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தார்கள். பழைய சாதிப் பெயரைக் களைந்துவிட்டால் தெருவில் கால் வைக்கலாமா என்று பார்த்தார்கள். அப்போதும் தகராறு ஓயவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசாணை சென்னையில் அச்சடிக்கப்பட்டது. அதன் பொருள் கல்பாத்தியில் சோதிக்கப்பட்டது. சோதித்தவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர். பெரும்பாலும் விவசாயக் கூலிகள், கள்ளிறக்குவோர், சிறு வியாபாரிகள். காலை எடுத்து வைக்கும் முன் அடி விழும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தடுப்பவருக்குத் தண்டனை இல்லாத உரிமை வெறும் உரிமையாகவே நின்றுவிடும் என்பதை இத்தகைய நிகழ்ச்சிகள் வெளிச்சமாக்கின. கோவை வட்டாரத்திலிருந்து சட்ட சபைக்குச் சென்ற ஆர். வீரையன், பொது வழியில் பிறரைத் தடுப்போருக்கு அபராதம் விதிக்கும் திருத்தத்துக்காகப் பாடுபட்டதும் இந்தக் காலத்தில்தான்.

தடுத்து நின்றவர்களும் தமிழ் பேசியவர்களே. தமிழ்ச் சங்க மலரில் இதை எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். வைக்கத்தில் போராடியவர் நம்மவர் என்று மார் தட்டும்போது, கல்பாத்தியில் வழி மறித்தவரும் நம்மவர்தான் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தானே வரலாறு முழுமையாகும்?

பந்தி: ஒரு வக்கீலின் துணிவு

அதே கல்பாத்தியிலிருந்து வந்த இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். டி.ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் பாலக்காட்டில் வக்கீலாக இருந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலை விட்டார். 1923-இல் பாலக்காட்டில் சரோஜினி நாயுடு தலைமையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அப்போது எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சமபந்தி ஒன்று ஏற்பாடாயிற்று. அதில் முன்னின்றவர் கிருஷ்ணசுவாமி ஐயர்.

இன்றைக்கு இதைக் கேட்டால், "ஒரு வேளைச் சாப்பாடுதானே, இதிலென்ன வீரம்?" என்று தோன்றும். அந்தக் காலத்தில் பிரஷ்டு என்று ஒன்று இருந்தது. சாதி விலக்கு. சொந்தக்காரர் வீட்டுக்கு வரமாட்டார். புரோகிதர் சடங்குக்கு வரமாட்டார். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஆள் இருக்காது. வெள்ளைக்காரன் ஜெயிலில் போட்டால் ஆறு மாதத்தில் வெளியே வரலாம், மாலை போடுவார்கள். சொந்தத் தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டால் எங்கே போவது? கிருஷ்ணசுவாமி ஐயரும் அந்த விலக்கைச் சந்தித்தார். பின்வாங்கவில்லை. அவர் மனைவி ஈஸ்வரி அம்மாளும் கூடவே நின்றார்.

ஒலவக்கோட்டுக்கு அருகே அகத்தேத்தறையில் அவர்கள் சபரி ஆசிரமத்தை நடத்தினார்கள். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் மற்றச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒரே உலையில் வடித்த சோற்றை உண்டு படித்தார்கள். காந்தியடிகள் 1925, 1927, 1934 என மூன்று முறை அங்கே வந்திருக்கிறார். 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காகப் பாலக்காட்டிலிருந்து பையனூர் வரை நடந்து சென்ற தொண்டர் படைக்கும் கிருஷ்ணசுவாமி ஐயரே தலைவர். 1935-இல் காலமானார். அவர் செய்த பெரிய காரியம் எது என்று என்னைக் கேட்டால், உப்பு எடுக்க நடந்ததைவிட இலை போட்டு உட்கார்ந்ததைத்தான் சொல்வேன். அந்நிய ஆட்சியை எதிர்க்க ஊரே கூட வரும். சொந்த வீட்டுக் கட்டுப்பாட்டை மீறும்போது தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஏட்டில் ஏறிய உரிமை

இவ்வளவும் நடந்த பின் 1950 ஜனவரி 26-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவு எல்லோருக்கும் தெரியும். 15-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள், நீராடும் துறைகள், சாலைகள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, சாதி, மதம், பால், பிறந்த இடம் காரணமாக யாரையும் அங்கே தடுக்கக் கூடாது என்கிறது. நாட்டின் தலையாய சட்டத்தில் எதற்குக் கிணறும் படித்துறையும்? கல்பாத்தி மாதிரி ஆயிரம் தெருக்களில் மனிதர்கள் அடிபட்டதால்தான் இந்தச் சொற்கள் அங்கே வந்து உட்கார்ந்தன. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, தடுப்பது தண்டனைக்குரிய குற்றமும் ஆயிற்று.

அப்படியானால் கதை முடிந்ததா? அரை நூற்றாண்டு கழித்து அதே பாலக்காடு மாவட்டத்தில் கிணறு மறுபடியும் வழக்காயிற்று. இம்முறை கிணற்றுக்குப் போகும் வழியை யாரும் மறிக்கவில்லை. கிணற்றில் இருந்த தண்ணீரே கெட்டுப்போனது.

கிணறு: பிளாச்சிமடை, 2002

பாலக்காட்டுக்குத் தெற்கே சித்தூர் தாலுகாவில் பெருமாட்டி பஞ்சாயத்து. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து போனால் எல்லை தாண்டிய சிறிது நேரத்தில் வந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியாதலால் கேரளத்தின் மற்ற இடங்களைப் போல அங்கே மழை கொட்டாது. அந்தப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் கோகோ கோலா நிறுவனத்தின் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆழ்குழாய்க் கிணறுகள் நாள்தோறும் லட்சக்கணக்கான லிட்டர் நீரை உறிஞ்சின.

கொஞ்ச நாளிலேயே சுற்றியிருந்த காலனிகளின் பெண்கள் மாற்றத்தைக் கண்டார்கள். கிணத்துத் தண்ணி உப்புக் கரித்தது. வடித்த சோறு சீக்கிரம் கெட்டது, பருப்பு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரித்தது. ஆய்வுக் கூடத்துக்கு முன்னால் அடுப்பங்கரைதான் அங்கே உண்மையைச் சொன்னது. நல்ல தண்ணீருக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் எடுக்க நடந்த நேரத்துக்கு அன்றைய கூலி போயிற்று.

அப்போது முன்னே வந்தவர்களில் ஒருவர் மயிலம்மா. இரவாளர் பழங்குடியைச் சேர்ந்தவர், கூலி வேலை செய்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். 2002 ஏப்ரல் 22-ஆம் நாள் ஆலை வாசலுக்கு எதிரே ஓலைப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஆதிவாசித் தலைவி சி.கே. ஜானு அந்தப் போராட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் பெரிய கட்சிகள் எதுவும் கூட வரவில்லை. வேலை போய்விடும் என்று ஊரிலேயே எதிர்ப்பு இருந்தது. மயிலம்மா அசையவில்லை.

2003 ஏப்ரலில் பெருமாட்டி பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு ஜூலையில் பி.பி.சி. வானொலி, உரமென்று உழவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக் கழிவில் காரீயமும் காட்மியமும் இருப்பதை வெளிக்கொண்டு வந்தது. டிசம்பர் 16-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காவலாளி மட்டுமே என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தார். 2004 ஜனவரியில் உலகத் தண்ணீர் மாநாடு அந்தச் சின்னக் கிராமத்திலேயே கூடியது. மார்ச்சில் ஆலை நின்றது. 2005-இல் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு நிறுவனத்துக்கு ஓரளவு நீர் எடுக்க அனுமதித்தும் ஆலை பழையபடி இயங்கவில்லை. அங்கே மறுபடி உற்பத்தி தொடங்கும் எண்ணம் இல்லையென்று 2017-இல் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

வெற்றிதான், ஆனால் முழு வெற்றி அல்ல. அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் சேதத்தை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டது. இழப்பீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்ட சபை 2011-இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். தண்ணீர் கெட்டதற்கு அவர் வாழ்நாளில் ஒரு காசு இழப்பீடு வரவில்லை.

கூலி: மூணாறு, 2015

இனி ஆனைமலையைச் சுற்றிக்கொண்டு, உடுமலை, மறையூர் வழியாக மேலே ஏறினால் இடுக்கி மாவட்டத்து மூணாறு. சுற்றுலா போனவர்கள் பச்சைக் கம்பளம் விரித்தது போன்ற தேயிலைச் சரிவுகளின் முன்னே நின்று படம் எடுத்திருப்பார்கள். 1880 வாக்கில் அங்கே தேயிலை நடத் தொடங்கினார்கள். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்றும் லயங்களில் இருக்கிறார்கள். லயம் என்பது வரிசையாகக் கட்டிய சின்னஞ்சிறு வீடுகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆகவே பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலையிலேயே தங்க வேண்டிய கட்டாயம்.

கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள். 2015-இல் அவர்களுக்கு நாள் கூலி 232 ரூபாய். அதற்கே 21 கிலோ கொழுந்து பறித்தாக வேண்டும். மலைச் சரிவு, அட்டை, மழை, பனி, முதுகில் சுமை. முந்தைய ஆண்டு ஏறக்குறைய 20 சதவீதமாக இருந்த போனஸ் அந்த ஆண்டு 10 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் இருந்தன, எல்லாக் கட்சிக்கும் ஒன்று உண்டு. தலைவர்கள் எல்லோரும் ஆண்கள்.

செப்டம்பர் முதல் வாரம் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மூணாறு நகரின் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். எந்தச் சங்கமும் அழைக்கவில்லை. சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களையும் அரசியல்வாதிகளையும் திருப்பி அனுப்பினார்கள். வீட்டு ஆண்களைக்கூடத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தங்கள் கூட்டத்துக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் "பெம்பிளை ஒருமை". தமிழும் மலையாளமும் கலந்த பெயர், எல்லையோரத்துப் பெயர். பெண்கள் ஒற்றுமை என்று பொருள். லிசி சண்ணி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் ஆகியோர் முன்னே நின்றார்கள். உழைப்பது நாங்கள், சுகப்படுவது நீங்கள் என்ற கருத்தில் தமிழில் அவர்கள் போட்ட கோஷம் கேரளத் தொலைக்காட்சிகளில் ஒலித்தது. பள்ளத்தாக்கின் தமிழை மாநிலம் முழுவதும் ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டது.

அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்து அவர்களோடு உட்கார்ந்தார். ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் செப்டம்பர் 13 இரவு உடன்பாடு ஏற்பட்டது. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை, ஆக மொத்தம் 20. நாள் கூலியாக 500 ரூபாய் கேட்டார்கள். அக்டோபரில் 301 ரூபாய் என்று முடிவாயிற்று. அதே ஆண்டு நடந்த உள்ளாட்சித் தேர்தலில் கோமதி தேவிகுளம் வட்டாரப் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பின்னால் அந்தக் கூட்டத்தில் பிளவு வந்தது, பழைய வேகம் குறைந்தது. 2017-இல் அமைச்சர் ஒருவர் அந்தப் பெண்களைப் பற்றி இழிவாகப் பேசியதாகக் கண்டனம் எழுந்து, கோமதி முதலானோர் மூணாற்றில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணோடு போனபோது 70 உயிர்கள் போயின. கூலி கொஞ்சம் ஏறியது; வீடு அதே லயமாகவே இருந்தது. போனஸுக்காக எழுந்த பெண்கள் வீட்டைப் பற்றியும் பேசினார்கள் என்பதை நாம் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது.

நான்குக்கும் பொதுவானது

தெரு, பந்தி, கிணறு, கூலி. நான்கும் அன்றாடச் சங்கதிகள். இந்த நான்கையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுபவை சில உண்டு.

முதலாவது, சட்டம் பெரும்பாலும் முன்னாலேயே இருந்தது. கல்பாத்திக்கு அரசாணை இருந்தது; பிளாச்சிமடைக்கு அரசியல் சட்டமும் பஞ்சாயத்துச் சட்டமும் இருந்தன; மூணாற்றுக்குத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 முதலே இருந்தது. இருந்த சட்டத்தை அசைத்து எழுப்ப ஒரு ஆள் தேவைப்பட்டார்.

இரண்டாவது, அந்த ஆள் எதிர்கொண்டது தூரத்துப் பகைவனை அல்ல. அக்ரகாரத்து வக்கீலுக்குச் சொந்தத் தெரு, மயிலம்மாவுக்கு வேலை போகுமே என்று பயந்த அக்கம்பக்கம், மூணாற்றுப் பெண்களுக்குத் தங்கள் சந்தாவில் வளர்ந்த சங்கம். தெரிந்த முகத்தைப் பார்த்து "இது சரியில்லை" என்று சொல்வதுதான் கடினம்.

மூன்றாவது, ஒருவர் துணிவு மட்டும் போதாது. அமெரிக்காவில் 1955 டிசம்பர் 1-ஆம் நாள் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே அதே நகரில் கிளாடெட் கோல்வின் என்ற பதினைந்து வயதுப் பெண்ணும் அப்படி மறுத்துக் கைதானாள். ரோசா பார்க்ஸுக்குப் பின்னால் ஊரே திரண்டு 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தது. அதனால்தான் விதி மாறியது. கல்பாத்திக்கும் பிளாச்சிமடைக்கும் உள்ள வேறுபாட்டையும் அப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். ஓலைப் பந்தலுக்குப் பின்னால் பஞ்சாயத்து வந்தது, நீதிமன்றம் வந்தது, உலகம் வந்தது. கல்பாத்தியில் நடந்து வந்தவர்களுக்குப் பின்னால் அன்று போலீஸ்தான் வந்தது.

நாம் என்ன செய்யலாம்?

இதெல்லாம் பழங்கதை என்று ஏட்டை மூடிவிடக் கூடாது. 2017-இல் பாலக்காடு மாவட்டம் முதலமடைப் பஞ்சாயத்தின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியிலிருந்து செய்தி வந்தது. அங்கே வாழும் அருந்ததியர்களுக்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை, தண்ணீர் பிடிக்கத் தனிக் குழாய் என்ற புகார்கள் எழுந்தன. இரு தரப்பாரும் தமிழ் பேசுவோரே. இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து அப்போது 93 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அது எங்கோ எல்லையில், நாம் இருப்பது நகரத்தில் என்று சொல்லலாமா? நம் அடுக்குமாடி வீடுகளில் வேலைக்கு வரும் அம்மாவுக்குக் காபி எந்த டம்ளரில் போகிறது? அந்த டம்ளர் சமையலறை அலமாரியில் இருக்கிறதா, பால்கனித் திட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறதா? வீட்டு வேலைக்கு வருபவர்களும் சாமான் கொண்டு வருபவர்களும் மற்றவர்களோடு ஒரே லிஃப்டில் ஏறக் கூடாது என்று குடியிருப்போர் கூட்டத்தில் யாராவது சொன்னால், எழுந்து நின்று "அதெப்படிங்க?" என்று கேட்பவர் நம்மில் யார்? மொழி காரணமாக நம்மை யாராவது தள்ளி வைத்தால் நமக்குக் கோபம் வருகிறது, வரவேண்டியதும்தான். அதே கோபம் அடுத்தவருக்காகவும் வந்தால் அதற்குப் பெயர்தான் சமத்துவம்.

நம் சங்கத்துக்கு என் யோசனை ஒன்று. பொங்கல் விழா அன்று மதியம் இலை போடுகிறோம். சமையற்காரர்கள், மண்டபம் கூட்டுபவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், வாசலில் நிற்கும் காவல்காரர் எல்லோரும் கடைசியில் மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார்கள். வரும் ஆண்டு அவர்களை முதல் பந்தியில், நம் குடும்பங்களோடு கலந்து உட்கார வைப்போம்; நம் பிள்ளைகள் பரிமாறட்டும். 1923-இல் பாலக்காட்டில் அப்படி ஓர் இலையின் முன் உட்கார்ந்ததற்கு ஒரு மனிதர் கொடுத்த விலையை நாம் கொடுக்க வேண்டியதில்லை. சிலர் முகம் சுளிக்கலாம், ஓரிருவர் எழுந்தும் போகலாம். போகட்டும், அந்த இலையில் இன்னொருவர் சாப்பிடுவார்.